கையெழுத்துக்கும் கத்திக்கும் இடையே 30 நாள்

பிரசவ வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்? 1970களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி–யு.எஸ்.சி. மருத்துவ மையத்தின் பிரசவ வார்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர், ஏழைகள், வீட்டில் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். தாளில் இருந்தது ஆங்கிலம். சிசேரியன் செய்ய வேண்டும் என்று அவசரமாக அழைத்துச் செல்லும் வழியில் சிலரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. வலிக்கு மருந்து வேண்டுமானால் முதலில் கையெழுத்துப் போடு என்று சொன்னதாகப் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. கருக்குழாயைக் ‘கட்டுவது’ என்ற சொல்லைக் கேட்டவர்கள், கட்டியதைப் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்றே நினைத்தார்கள். தனக்கு என்ன நடந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு வழக்கறிஞர் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னபோதுதான் அறிந்துகொண்டவர்களும் உண்டு.

1968 முதல் 1974 வரை அந்த ஒரே மருத்துவமனையில் 200-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இப்படிக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது.

மருத்துவர்கள் அரசின் கொள்கைக்காகக் குரல் கொடுப்பதை நாம் அவ்வப்போது பார்க்கிறோம். பெரும்பாலும் கூடுதல் நிதி, கூடுதல் படுக்கைகள், கூடுதல் அதிகாரம் என்றுதான் அந்தக் குரல் கேட்கும். இங்கே ஆராயும் நிகழ்வில் மருத்துவர்கள் கேட்டது தலைகீழானது: எங்கள் கைகளைக் கட்டுங்கள், எங்கள் தொழிலுக்கு ஒரு தடுப்பு வையுங்கள் என்றார்கள். அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களின் உடல்நலம் சார்ந்த கொள்கைகளில் மிக ஆழமான மாற்றம் ஒன்று இந்தக் கோரிக்கையிலிருந்துதான் பிறந்தது. அதனாலேயே இது விரிவாகப் பேசத் தகுந்தது என்று கருதுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகளுக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. மக்கள்தொகை வெடித்துவிடும் என்ற அச்சம் அறிஞர்களிடமும் பத்திரிகைகளிலும் பரவியிருந்த காலம் அது. ஏழைப் பெண்களுக்குக் கருத்தடை கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கமும், ஏழைகள் குறைவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் ஒரே வரவு செலவுத் திட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டு வந்தன. பயிற்சி மருத்துவர்களுக்கோ கை பழக அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. அரசு மருத்துவமனையின் வார்டில் இவை மூன்றும் சந்தித்தபோது, கேள்வி கேட்பதற்கு நோயாளியின் பக்கம் யாரும் இல்லை.

1973 கோடையில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் 14 வயதும் 12 வயதும் ஆன இரண்டு கறுப்பினச் சகோதரிகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுடைய தாய், ஊசி போடத்தான் அனுமதி கேட்கிறார்கள் என்று நம்பி ஒரு தாளில் குறியிட்டிருந்தார். அந்த வழக்கில் 1974இல் தீர்ப்பளித்த நீதிபதி கெர்ஹார்ட் கெசல், மத்திய அரசின் நிதி பெறும் திட்டங்களில் ஆண்டுக்கு 1,00,000 முதல் 1,50,000 வரையிலான ஏழைகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்ததாகக் குறிப்பிட்டார். உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலின் பேரில் எண்ணிக்கை தெரியாத அளவுக்குப் பலர் சம்மதித்திருக்கிறார்கள் என்றும் பதிவு செய்தார்.

இனி, எதிர்த்திசையில் ஒரு கணக்கு. அதே நாட்டில், அதே காலத்துக்குச் சற்று முன்வரை, வசதியான வெள்ளையினப் பெண் ஒருவர் தானே விரும்பி இந்த அறுவைச் சிகிச்சையைக் கேட்டால் மருத்துவர்கள் மறுத்துவிடுவார்கள். அவருடைய வயதைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வர வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர்களிடையே இருந்த விதி. 30 வயதுப் பெண்ணுக்கு நான்கு குழந்தைகள், 24 வயதுப் பெண்ணுக்கு ஐந்து. அதற்குக் குறைந்தால் முடியாது. ஒருத்தி கெஞ்சினாலும் கிடைக்காதது இன்னொருத்திக்குக் கேட்காமலே செய்யப்பட்டது. இந்த இரட்டை நிலைதான் பின்னால் வரப்போகும் மோதல்களுக்கெல்லாம் வேர்.

லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் அப்போது பயிற்சி மருத்துவராக இருந்தவர் பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட். தன்னைச் சுற்றி நடப்பதைப் பார்த்து அவர் பதறினார். நோயாளிகளின் பதிவுகளை ரகசியமாகத் திரட்டினார். பத்திரிகையாளர்களுக்கும் உரிமை அமைப்புகளுக்கும் எழுதினார். 1973இல், நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரோடு தொடர்புடைய உடல்நல ஆய்வுக் குழு வெளியிட்ட, கருத்தடை அறுவைச் சிகிச்சையில் நடக்கும் முறைகேடுகள் பற்றிய அறிக்கையில் அவர் முக்கியப் பங்கு வகித்தார். பயிற்சி மருத்துவரின் எதிர்காலம் முழுவதும் துறைத் தலைவர்களின் கையில் இருக்கும். மேலே இருப்பவர்களின் ஒரு சொல் போதும், அவருக்கு எங்கும் வேலை கிடைக்காமல் போக. அதைத் தெரிந்தும் செய்தார்.

அவர் திரட்டிய தகவல்கள் அப்போதுதான் சட்டப் படிப்பை முடித்திருந்த இருபதுகளின் நடுவில் இருந்த அன்டோனியா ஹெர்னாண்டஸ் என்ற வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கண்டுபிடித்தார். 1975இல் பத்துப் பெண்கள் சார்பில், மருத்துவர்களை எதிர்த்து ‘மாட்ரிகல் எதிர் குவில்லிகன்’ வழக்கு மத்திய நீதிமன்றத்தில் பதிவானது. அவர்களில் பலர் தங்கள் நிலையைத் தாய்க்கும் சகோதரிகளுக்கும்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் திறந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்றார்கள்.

1978இல் விசாரணை நடந்தது. ஜூரி இல்லை, நீதிபதி ஜெஸ்ஸி கர்டிஸ் ஒருவரே முடிவு செய்பவர். மாணவப் பருவத்தில் அந்த வார்டில் பணியாற்றிய காரென் பெங்கர் சாட்சி சொன்னார்: கறுப்பின, மெக்சிக மக்களின் பிறப்பு விகிதத்தைக் குறைக்க வேண்டும் என்று மூத்த மருத்துவரே பேசியதைக் கேட்டதாகவும், பிரசவ வலியில் இருந்த பெண்களை நெருக்கியதைக் கண்ணால் பார்த்ததாகவும் கூறினார். மருத்துவத் துறைக்குள்ளிருந்து அந்தக் கூண்டில் ஏறி இப்படிச் சொன்னவர் அவர்தான். மானிடவியலாளர் கார்லோஸ் வெலெஸ், குழந்தை பெறும் தன்மையை இழப்பது அந்தப் பெண்களின் குடும்ப வாழ்விலும் சமூக மதிப்பிலும் எவ்வளவு ஆழமான காயம் என்று ஆய்வு செய்து எடுத்துரைத்தார்.

தீர்ப்பு மருத்துவர்களுக்குச் சாதகமாக வந்தது. நடந்தது அடிப்படையில் மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இடையே ஏற்பட்ட தகவல் தொடர்புக் குறைபாடு என்றார் நீதிபதி. அதைவிட வலிப்பது, பண்பாட்டைப் பற்றிய சாட்சியத்தை அவர் திருப்பிய விதம். இந்தப் பெண்களின் வேதனை அவர்களுடைய தனிப்பட்ட பண்பாட்டுப் பின்னணியால் வந்தது, அதை மருத்துவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். உதவுவதற்காகக் கொண்டுவந்த அறிவு, உதவிக்கு வந்தவர்களின் மீதே சுமையாகப் போடப்பட்டது. ஒரு சமூகத்தைப் பற்றி நிபுணராகப் பேசப் போகும் எவரும் இந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பண்பாடு என்ற சொல்லை வைத்துப் பேசத் தொடங்கியதும், அதிகாரம் என்ற சொல் அறையை விட்டு வெளியேறிவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பெண்கள் எழுந்து நின்றது வீண்போகவில்லை. அந்த வழக்கையொட்டி ஸ்பானிய மொழியில் படிவங்கள் வந்தன. கலிஃபோர்னியா தனது பழைய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை 1979இல் நீக்கியது. இருந்தாலும் நாடு முழுவதற்குமான விதி லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்திலிருந்து வரவில்லை. அதற்கு நாம் நியூயார்க்குக்குப் போக வேண்டும்.

ஹெலன் ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் 1929இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள். குழந்தைப் பருவத்தை அந்தத் தீவில் கழித்துவிட்டுப் பத்து வயதில் நியூயார்க் திரும்பியபோது, நல்ல மதிப்பெண்ணும் ஆங்கில அறிவும் இருந்தும் அவரைக் கற்றலில் பின்தங்கியவர்களுக்கான வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் வகுப்பில் அவர் மனப்பாடமாக ஒரு கவிதையைச் சொன்ன பிறகே ஓர் ஆசிரியைக்கு உண்மை புரிந்தது. பின்னர் புவெர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகம், மாணவர் போராட்டம், இடையில் திருமணம், மூன்று குழந்தைகள். பிறகு மறுபடி படிப்பு. 1960இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பயிற்சிக் காலத்தில் சான் ஹுவான் பல்கலைக்கழக மருத்துவமனையில் புவெர்ட்டோ ரிக்கோவின் முதல் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையத்தை நிறுவினார். மூன்றே ஆண்டுகளில் அங்கே சிசு மரண விகிதம் பாதியாகக் குறைந்தது.

அந்தத் தீவில் அவர் கண்ட இன்னொன்று, பின்னாளின் போராட்டத்துக்கு விதை. 1937இல் இயற்றப்பட்ட 116ஆம் எண் சட்டம் கருத்தடை அறுவைச் சிகிச்சையைச் சட்டபூர்வமாக்கியது. வேலை குறைவு, மக்கள் அதிகம் என்று சொல்லி அரசும் தனியார் அமைப்புகளும் அதை ஊக்குவித்தன. வேறு கருத்தடை முறைகள் எளிதில் கிடைக்காத இடத்தில் இது மட்டும் எளிதில் கிடைத்தது. 1965ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 20 முதல் 49 வயதுள்ள தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நடந்திருந்தது தெரியவந்தது. தீவின் மக்கள் அதற்கு அடைமொழி எதுவும் சேர்க்காமல் ‘லா ஒபராசியோன்’ என்றார்கள், அதாவது, ஆபரேஷன். நம் ஊர்களிலும் ஒரு தாயைப் பற்றி ‘ஆபரேஷன் செய்துகொண்டாள்’ என்றால் எந்த ஆபரேஷன் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு சிகிச்சை இவ்வளவு சாதாரணமாகிவிட்டால், அது யாருடைய விருப்பம் என்ற கேள்வியும் பேச்சிலிருந்து மறைந்துபோகிறது.

1970இல் அவர் நியூயார்க் திரும்பித் தென் பிராங்க்ஸில் உள்ள லிங்கன் மருத்துவமனையின் குழந்தைகள் நலத் துறைக்குத் தலைவரானார். அந்த மருத்துவமனையைச் சுற்றுவட்டார மக்கள் ‘கசாப்புக்கடை’ என்று அழைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 14 அன்று புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் அமைப்பான ‘யங் லார்ட்ஸ்’, நோயாளிகளின் உரிமைகளைக் கேட்டு அந்தக் கட்டடத்தை ஒரு நாள் கைப்பற்றியிருந்தது. பல மருத்துவர்கள் அதை அத்துமீறலாகப் பார்த்தார்கள். ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் அந்த மக்களோடு உட்கார்ந்து பேசினார். மருத்துவமனையின் சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அதை எப்படி நடத்துவது என்பதில் சொல் உண்டு என்ற நம்பிக்கை அவரிடம் இருந்தது. பின்னால் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த நம்பிக்கை தெரிகிறது.

1970களின் நடுவில் அவரும் மற்றவர்களும் சேர்ந்து ‘கருத்தடை முறைகேடுகளை முடிவுக்குக் கொண்டுவரும் குழு’வைத் தொடங்கினார்கள். அதில் புவெர்ட்டோ ரிக்கோ விடுதலையை ஆதரித்தவர்கள், பெண்ணுரிமையாளர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவப் பணியாளர்கள் எனப் பலரும் இருந்தார்கள். முதல் இலக்காக அவர்கள் எடுத்துக்கொண்டது நியூயார்க் நகரத்தின் அரசு மருத்துவமனைகளை. 1975இல் நகர மருத்துவமனைக் கழகம் அவர்கள் கேட்ட விதிகளை ஏற்றது. கையெழுத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையே 30 நாள் இடைவெளி வேண்டும். பிரசவ நேரத்திலோ கருக்கலைப்பு நேரத்திலோ சம்மதம் வாங்கக் கூடாது. விளக்கம் நோயாளியின் மொழியிலேயே இருக்க வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை என்ற யோசனை மருத்துவரிடமிருந்து எழக் கூடாது என்பதும் குழுவின் நிலைப்பாடு.

எதிர்ப்பு இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று எதிர்பார்த்தது: நகரத்தின் பெரிய மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவப் பேராசிரியர்கள் சிலர் விதிகளை எதிர்த்து வழக்கே தொடுத்தார்கள். இன்னொன்று எதிர்பாராதது. கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய, ரோட்ரிகெஸ்–ட்ரியாஸின் இயல்பான தோழமைகளாக இருந்திருக்க வேண்டிய பெண்ணுரிமை அமைப்புகள் சில இந்த 30 நாளை எதிர்த்தன. ‘120’ விதியோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டி, நாங்கள் கேட்கும்போது கிடைக்க வேண்டும் என்று வாதாடி வந்தவர்கள் அவர்கள். மறுபடியும் பெண்ணின் முடிவுக்கு அரசு காத்திருப்பு விதிக்கிறது என்றே அவர்களுக்குத் தோன்றியது.

அவர்களுடைய அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த நேரத்தில் ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் சொன்னதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மருத்துவரிடம் ‘வேண்டும்’ என்று வாதாட முடிந்தவளின் உரிமைக்கும், ‘வேண்டாம்’ என்று சொல்ல மொழிகூட இல்லாதவளின் உரிமைக்கும் ஒரே விதி பொருந்தாது. முதலாமவளுக்கு 30 நாள் ஒரு தொந்தரவு. இரண்டாமவளுக்கு அந்த 30 நாளில் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, கணவரிடமோ அக்காவிடமோ கேட்டு, தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, மனத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் கருக்கலைப்பு உரிமையையும் உறுதியாக ஆதரித்தவர். குழந்தை பெறாமல் இருக்கும் உரிமையும் பெற்றுக்கொள்ளும் உரிமையும் ஒன்றுதான் என்ற அவருடைய வாதத்தைக் கேட்டுச் சிலர் மனம் மாறினார்கள். சிலர் கடைசிவரை மாறவில்லை.

நகர மன்றம் 1977இல் இந்த விதிகளைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் நீட்டியது. பிறகு மத்திய அரசு. சுகாதாரம், கல்வி, நல்வாழ்வுத் துறை நடத்திய விசாரணைகளில் ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் சாட்சியளித்தார். பூர்வகுடி மக்களுக்கான மருத்துவச் சேவையின் நான்கு வட்டாரங்களில் மட்டும் 3,406 கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்ததை 1976இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளிக்கொண்டு வந்திருந்தது. கறுப்பினப் பெண்கள், பூர்வகுடிப் பெண்கள், மெக்சிகப் பெண்கள், புவெர்ட்டோ ரிக்கோப் பெண்கள் என்று தனித்தனியாகத் தெரிந்த துயரங்கள் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. 1978 நவம்பரில் விதிகள் வெளியாகி, 1979இல் நடைமுறைக்கு வந்தன.

மத்திய அரசின் பணம் செலவாகும் எந்தக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கும் பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சம்மதத்துக்குப் பின் குறைந்தது 30 நாள் கடந்திருக்க வேண்டும். 180 நாளைத் தாண்டினால் அந்தச் சம்மதம் செல்லாது. பிரசவ வலியில் இருப்பவரிடமும், கருக்கலைப்புக்கு வந்தவரிடமும், மது அருந்தியவரிடமும் வாங்கிய கையெழுத்து கையெழுத்தே அல்ல. மறுத்தால் எந்த அரசு உதவியும் நிற்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவரும் கையொப்பமிட வேண்டும். காப்பகங்களிலும் சிறைகளிலும் அடைபட்டிருப்போருக்கு இந்த நிதியில் செய்யவே கூடாது. ஒவ்வொரு வரியையும் லாஸ் ஏஞ்சலஸ் வார்டை நினைத்துக்கொண்டு படித்தால், எந்த வரி எந்தக் காயத்துக்கு மருந்து என்பது தெரிகிறது. நீதிபதி கர்டிஸ் ‘தகவல் தொடர்புக் குறைபாடு’ என்று விட்டுவிட்ட அதே இடத்தில், அதே ஆண்டில், விதி வந்து நின்றது.

இந்த விதியின் பலவீனமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அது பணத்தின் பின்னால் போகிறது. மத்திய நிதி போகாத இடத்துக்கு அது போகாது. கலிஃபோர்னியாவின் பெண்கள் சிறைகளில் 2005–06 முதல் 2012–13 வரை 144 பேருக்குக் கருக்குழாய் அறுவைச் சிகிச்சை நடந்ததை மாநிலத் தணிக்கையாளர் 2014இல் அறிவித்தார். அவற்றில் 39 பேரின் சம்மதம் முறைப்படி பெறப்படவில்லை. செலவை ஏற்றது மாநிலம். சிறையில் கருத்தடைக்காக இத்தகைய அறுவைச் சிகிச்சை செய்வதை அதே ஆண்டில் மாநிலச் சட்டம் தடை செய்தது. 35 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கரையில் ஒரு பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது.

இன்று விவாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில் இருக்கும் பெண் ஒருவர், மூன்றாவது குழந்தையோடு போதும் என்று தெளிவாக முடிவெடுத்து மருத்துவமனைக்கு வருகிறார். படிவம் காணவில்லை, அல்லது 30 நாள் ஆகவில்லை, அல்லது 180 நாள் முடிந்துவிட்டது. அவர் கேட்டது நடக்காமல் வீடு திரும்புகிறார். தனியார் காப்பீடு வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தத் தடை கிடையாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தேசிய அமைப்பு 2012இல் இந்த விதிகளை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டது. இன்று இதற்காக வாதாடும் மருத்துவர்களில் லத்தீன் அமெரிக்கப் பெண்களுக்கே சிகிச்சையளிப்பவர்கள் பலர்; அவர்கள் காணும் துயரமும் உண்மையானது. ஆகவே 1970களில் நல்ல மருத்துவர் காத்திருப்பைக் கேட்டார், இன்று காத்திருப்பை நீக்கக் கேட்பவர் கெட்டவர் என்று எழுதுவது நியாயமாகாது.

ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. 1975இல் ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் விதியை எழுத உட்கார்ந்த மேசையில், அந்த விதி யாருடைய உடலைத் தொடுமோ அந்தச் சமூகத்தினரும் உட்கார்ந்திருந்தார்கள். திருத்தம் எழுதப்படும் மேசையில் யார் உட்காரப் போகிறார்கள்? மருத்துவர்களின் அனுபவமும் ஆய்வுக் கட்டுரைகளும் மட்டும் போதும் என்றால், ‘120’ விதியை எழுதியவர்களிடமும் அவை இருந்தன.

ரோட்ரிகெஸ்–ட்ரியாஸ் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் எய்ட்ஸ் நிறுவனத்தில் மருத்துவ இயக்குநராகப் பணியாற்றி, எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களும் குழந்தைகளும் கண்டுகொள்ளப்படாமல் போவதை எதிர்த்து உழைத்தார். 1993இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. 2001 ஜனவரியில் அதிபர் பில் கிளின்டன் கையால் குடிமக்களுக்கான அதிபர் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று காலமானார்.

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி 2018இல் அந்தப் பெண்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 2021இல் கலிஃபோர்னியா, கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநில நிறுவனங்களிலும் சிறைகளிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கானது அது. கவுன்டி மருத்துவமனையின் பிரசவ வார்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை.